மிச்ச டப்பா

நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறை. முப்பத்தோரு பேர் வேலை செய்கிறோம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் பழனியம்மாள். வயது நாற்பத்தேழு, படிப்பு எட்டாவது.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினார். கணவர் இறந்த பிறகு பட்டறையில் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டும்போது கிடைத்த நட்டு போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரித்து, காலி பெயின்ட் டப்பாக்களில் போட்டு வைத்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு வருடத்தில் முதலாளி தண்டாயுதபாணி ஸ்டோர் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார்.

அப்போதெல்லாம் வேலை முடிந்து மிஞ்சிய நட்டை ஃபிட்டர்கள் ஷெட் கூரைமேல் வீசிவிடுவார்கள். திருப்பிக் கொண்டுவந்தால் முதலாளி எல்லோர் முன்னாலும், "எங்கடா போடாம உட்டே?" என்று கேட்பார். அந்தத் திட்டை வாங்குவதற்குக் கூரையில் வீசுவதே மேல். மழைக்காலத்தில் ஷெட்டின் விளிம்பிலிருந்து துருத்தண்ணீர் சொட்டும்.

பழனியம்மாள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவி ஸ்டோர் ஜன்னலில் வைத்தார்.

"மிஞ்சுனதை இதுல போட்டுட்டுப் போங்க சாமி. யாரு போட்டாங்கன்னு நானும் கேக்க மாட்டேன். என்னைய யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

ஒரு மாதம் வரை டப்பா காலியாகவே இருந்தது. பிறகு இரண்டு வாஷர் விழுந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அவர் மாலையில் எண்ணிப் பார்ப்பார். எந்த லாரிக்குக் கொடுத்ததில் மிச்சம் என்று கண்டுபிடித்து, மறுநாள் காலை அந்த லாரியடியில் தானே குனிந்து பார்ப்பார். குறை தெரிந்தால் பக்கத்தில் நிற்பவரிடம், "இங்கொண்ணு காணோம், போட்டுடு சாமி" என்பார். அதோடு சரி. ஆறு வருடம் இப்படித்தான் போயிற்று.

சென்ற தை மாதம் வள்ளிபுரம் ஜெகதீஸ்வரனின் புது லாரி கிளம்பும் நாள். நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது. பூஜை நடக்கும்போது பழனியம்மாள் ஸ்டோருக்குள்ளேயே இருந்துகொள்வார். கணவர் இல்லாதவர் முன்னால் வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டதுமில்லை.

வேல்முருகன் என்ற ஃபிட்டர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "மிச்சமுங்க்கா" என்று கையில் இருந்ததை டப்பாவில் போட்டுவிட்டுப் பூஜைக்கு ஓடினார். பழனியம்மாள் எட்டிப் பார்த்தார். நான்கு லாக் நட்டுகள்.

மற்றவை மிஞ்சலாம். லாக் நட்டை அவர் எண்ணித்தான் கொடுப்பார். பாடியை அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு நட்டு, அது கழலாமல் இருக்க அதன்மேல் ஒரு லாக் நட்டு. அது இல்லாமல் லோடு ஏற்றினால் குலுங்கிக் குலுங்கி எல்லாம் தளர்ந்துவிடும். நாளைக் காலையில் பார்க்கலாம் என்று விடவும் முடியாது.

வெளியே பூசணிக்காய் உடைத்தாயிற்று. எஞ்சின் உறுமியது. கிளம்பும் வண்டியைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் இந்தப் பக்கம் யாரும் பொறுக்க மாட்டார்கள். பழனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"சித்த நிறுத்துங்க சாமி."

டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஜெகதீஸ்வரனின் முகம் கறுத்தது. "ஏனுங்க, உங்க பட்டறையில வண்டிய வழியனுப்பற லட்சணம் இதுதானுங்களா?"

"என்ன பழனியம்மா?" என்றார் முதலாளி.

"நாலு லாக் நட்டு மிஞ்சியிருக்குதுங்க."

"யாரு செஞ்ச வேலை?"

"டப்பாவுல நட்டு மட்டுந்தானுங்க இருக்குது. பேரு இல்லீங்க."

"உனக்குத் தெரியாமயா வந்துச்சு? சொல்லு. இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போ."

பெயரைச் சொன்னால் நாளையிலிருந்து நட்டுகள் மறுபடி கூரைக்குத்தான் போகும். பழனியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினார். முதலாளி உடனே வாங்கவில்லை.

"நாந்தானுங்க மொதலாளி" என்றார் வேல்முருகன் பின்னாலிருந்து. "வலப்பக்கம் பின்னாடி. நேரம் போகுது, நேரம் போகுதுன்னு நீங்கதானுங்க மூணு தடவை வந்து நின்னீங்க. உட்டுப்போச்சுங்க."

ஒருவர் சிரித்துவிட்டு, அதை மறைக்க இருமினார்.

ஜெகதீஸ்வரன் யாரையும் பார்க்காமல் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது தோளில் கிரீஸ். "நாலும் மொட்டையா நிக்குதுங்க. இதோட நான் லோடேத்திக்கிட்டு மகாராஷ்டிரா போயிருப்பேன். பத்து மணிக்குள்ள வண்டி வேணும்னு விடியறதுல இருந்து போன் பண்ணுனது நானுந்தானுங்க."

தண்டாயுதபாணி வேல்முருகன் பக்கம் திரும்பினார். எல்லோரும் திட்டுக்காகக் காத்திருந்தோம்.

"சாவிய இடுப்புல சொருகு பழனியம்மா" என்றார். "அவனுக்கு ஸ்பானர் எடுத்துக் குடு."

அடுத்த நல்ல நேரம் மாலை நாலே முக்காலுக்கு. ஜெகதீஸ்வரன் ஸ்டோர் ஜன்னலுக்கே வந்து, "நிறுத்துனவங்களே அனுப்பி வையுங்க" என்று நான்கு எலுமிச்சம்பழங்களை நீட்டினார். பழனியம்மாள் தயங்கினார். பிறகு வந்து, நான்கு மூலைச் சக்கரங்களின் அடியிலும் ஒவ்வொன்றாக வைத்தார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் டப்பா இருமுறை நிரம்பியது. சனிக்கிழமை அதில் ஒரு பெரிய போல்ட் கிடந்தது. மார்கழியிலேயே ராசிபுரத்துக்குப் போய்விட்ட லாரியுடையது; யாரோ இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தார்கள். பழனியம்மாள் அதை முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்து, எந்த வண்டி என்று மட்டும் சொன்னார்.

முதலாளி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"வணக்கமுங்க. வண்டி நல்லா ஓடுதுங்களா? இல்லீங்க, நம்ம பக்கம் ஒரு போல்ட்டு உட்டுப்போச்சு. வண்டிய அப்படியே நிறுத்தி வையுங்க, நம்ம ஆளு இப்பவே கெளம்பி வாரானுங்க. எங்க தப்புதானுங்க."