சுவரோரம் விட்ட இடைவெளி

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு அறையின் தரைக்கு லேமினேட் பலகை போட வந்த அண்ணன், சுவரோரம் சுற்றிலும் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார். அளவில் கோட்டை விட்டுவிட்டு மழுப்புகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

“பலகை பத்தலையாண்ணே?”

“வெயிலுக்கு விரியும் தம்பி. இடம் இல்லாட்டி தூக்கிரும். மேல பீடிங் கட்டை அடிச்சா இடைவெளி தெரியாது.”

இன்ஜினியரிங் படித்தவனிடமே கதையா? அவர் சாப்பிடப் போனதும், சுவருக்குப் பூசும் பட்டியால் இடைவெளி முழுவதையும் அடைத்தேன்.

திரும்பி வந்தவர், “யாரு அடைச்சது? பலகை தூக்குனா என் பேருல்ல கெடும்” என்றார்.

“தெரியலண்ணே.”

பட்டி அப்பியிருந்த என் விரல்களைப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். “அங்கிட்டு மூலையிலேர்ந்து சொரண்டுங்க.”

மாலையில் ஏன் தாமதம் என்று அப்பா அவரிடம் கேட்டார். “என் கைத்தப்புங்க. தம்பிதான் ஒத்தாசை பண்ணுச்சு.”

அவர் ஏமாற்றுவார் என்றே நாளெல்லாம் காத்திருந்தேன். அவர் சொன்ன ஒரே பொய் எனக்காக.