மகளுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா பார்த்தோம்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் இருந்தபோது, என் மகளுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா தேடி அலைந்தோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வயலின் வாசிப்பாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் மதுரைக்குக் குடிபோய்விட்டதால் பல மாதங்களாகத் தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பெட்டியைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். "யாராவது கூட வாசிச்சாத்தான் இனிமே எடுப்பேம்மா. செவத்தப் பாத்து எம்புட்டு நாள் வாசிக்க?" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதத்தில் அப்படியே என்னை உரித்து வைத்திருந்தாள். அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மில் ஆபீசில் வேலை பார்த்தார். எந்தக் காரியமானாலும் அவருக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான். ஊரில் வாலிபர்கள் நடத்திய மெல்லிசைக் குழு ஒன்று இருந்தது. யார் யார் அதில் இருக்கிறார்கள், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், பையன்கள் சிகரெட் பிடிப்பார்களா என்று டீக்கடை, சலூன் எல்லாம் விசாரித்தார். நன்றாக வாசிப்பார்களா என்று மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை. விசாரணை திருப்தியானதும், நல்ல நாள் பார்த்து, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கோடு மூவரும் கிளம்பினோம்.

ஒத்திகை ஒரு அரிசிக் கடை மாடியில் நடந்தது. குழுத் தலைவர் கீபோர்டு வாசிக்கிறவர், கல்யாணம் ஆகாதவர். பழத்தையும் வெற்றிலையையும் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, "சொந்த ஊரே இதுதானா தம்பி? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" என்று ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மகளை உடனே சேர்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இடம், போஸ்டரில் போட்டோ. இவருக்கு வாயெல்லாம் பல். அவள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினாள். நாலு வரி போயிருக்காது. தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரு துண்டு சோப்பு எடுத்து வந்தார்.

"பாப்பா, வில்லுல இதத் தடவிக்கோ, சத்தம் வராது. வயலின் சத்தம் கீபோர்டுலயே வந்துரும். நீ சிரிச்ச மொகமா ஆட்டிக்கிட்டு மட்டும் இரு."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சும்மா ஆட்டுறதுக்கு எம் மக எதுக்கு? வீட்டுல வெளக்கமாறு கெடக்கு, கொண்டாந்து தாரேன்" என்றேன். பழச் சீப்பையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். கொடுத்த பழத்தைத் திரும்ப வாங்கலாமா என்று இவர் வீடு வரைக்கும் புலம்பினார்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்ச்சில் பிள்ளைகளின் ஆர்கெஸ்ட்ரா இருப்பதாகக் கேள்விப்பட்டோம். யார் வேண்டுமானாலும் சேரலாமாம். இவர் தயங்கினார். "எங்கக்கா கேட்டா என்னட்டி சொல்ல?"

"வயலினுக்குச் சாமி கெடையாதுன்னு சொல்லுங்க" என்றேன். சனிக்கிழமை பஸ் ஏறினோம்.

அங்கே எல்லாப் பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்து, வயலினைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு வாசித்தார்கள். என் மகளுக்கு அப்படி வாசித்துப் பழக்கமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வயலின் நழுவியது. அவர்களை நடத்துகிற மாஸ்டர் பாடிக் காட்டியதை மனதுக்குள் சரிகமவாக மாற்றிக்கொண்டு, பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து மாஸ்டரின் கை தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களின் கால்கள்தான் தெரிந்தன. அந்தக் கால்கள் போட்ட தாளத்தைப் பார்த்தே வாசித்தாள். ஆளுக்கொரு தாளம் போட்டால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்? எல்லாரும் முடித்த பிறகும் தரையிலிருந்து வயலின் கேட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, மேலே பாயை விரித்து, அவளை ஏற்றி உட்காரவைத்தார்கள். வாகனத்தில் எழுந்தருளிய சாமி மாதிரி எல்லார் தலைக்கும் மேலே இருந்தாள். இவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

மறுபடி தொடங்கினார்கள். பாதியில் மகளின் விரல் தவறியது. மாஸ்டர் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். அந்த இடத்தை அவளுக்கு இன்னொரு முறை பாடிக் காட்டிவிட்டு, எல்லாரையும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அதே இடத்தில் மறுபடியும் தவறவிட்டாள். மறுபடியும் எல்லாரும் நின்றார்கள். இவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், "சரிப்பட்டு வராதுட்டி. இம்புட்டுப் பேரு முன்னாடி மானம் போச்சு. வேற எடம் பாப்போம்" என்று என் காதில் சொன்னார். மகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். இதோடு வயலினை விட்டுவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் தப்பா வாசிச்சதும் எல்லாரும் நின்னுட்டாங்க, பாத்தியாம்மா?"