பலகையில் மாமாவின் பெயர்

எனக்கு வடிவாக எழுத வராது, சிலது மறந்தும் போச்சு. குறை நினைக்காதேங்கோ.

நாங்கள் இருக்கிற ஜெர்மன் கிராமத்தில், பழைய வீடுகளில் ஆர் ஆர் இருந்தவை எண்டு பலகை அடிக்கினம். எங்கட வீட்டின் கீழ்த்தட்டு பேக்கரி. அங்கே முப்பது வருசம் பாண் போட்டவர், காலமாகிப்போன என்ர மனுசன் செல்வராசா. பலகைக்கு எழுதினதைச் சரிபார்க்க ஒருவர் கடதாசியோடு வந்தார். எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, சொல்ல வெட்கம். “யா, யா” எண்டு தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

பலகை திறந்த அண்டு மகள் வாசித்தாள். “அம்மா, பாண் போட்டவர் கந்தையாவாம்.”

கந்தையா என்ர மாமா, மனுசனின் தகப்பன். இஞ்சை பதிவில் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர், பலகையில் அதை மட்டும் எழுதிப்போட்டினம்.

“அப்பப்பா யாழ்ப்பாணத்தை விட்டு அசையாத மனுசன். தேத்தண்ணியும் போடத் தெரியாது. உங்களிட்டை கேக்கேல்லையோ?”

“கேட்டவை பிள்ளை. நான்தான் ஓம் எண்டன்.”

பக்கத்து வீட்டுக் கிழவியும் கேட்டாள், “ஆர் இந்தக் கந்தையா? எங்கட செல்வா எங்கே?”

இனி மாற்ற ஏலாதாம். எனக்கு அவையில் கோபமில்லை, என்னில்தான். தெரியாது எண்ட ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு, அவரின்ர பெயரையே விட்டிட்டன்.

இதில் பிழை இருந்தால் ஆராவது பார்த்துத் திருத்துங்கோ. முக்கியமாக, செல்வராசா எண்டது சரியாகக் கிடக்கோ எண்டு பாருங்கோ.