அந்தப் பேரில் குழந்தை இல்லை

அன்செல்மோ செய்தது திருட்டுத்தனம்தான். ஸ்பெயினில் எங்கள் ஹாயென் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், "சட்டப்படி சரிதானே?" என்பார்கள். சட்டம் கிடக்கட்டும்! பெற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

எங்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. பிள்ளைக்குப் போவது முதலில் நிற்கும் பெயர். அன்செல்மோவின் அப்பா சத்துர்னினோ, ஒலிவ மரம் கவாத்து செய்கிறவர்; அவருடைய முதல் குடும்பப் பெயர் எக்ஸ்போசிதோ. அநாதை இல்லத்துச் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்த காலத்தில், அதில் யாரோ வைத்துவிட்டுப் போன குழந்தைகளுக்கெல்லாம் கன்னியாஸ்திரீகள் கொடுத்த பெயர் அது. சத்துர்னினோவின் தாத்தா அப்படி வந்தவர். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு எக்ஸ்போசிதோ. ஆனால் ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உன்னை எந்தக் கதவுலடா போட்டாங்க?" என்று அன்செல்மோவைப் பாடாய்ப் படுத்தினார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் மகள் ஆராசேலியைக் கட்டப்போகும்போது அவள் அம்மா, "பத்திரிகையில அந்தப் பேரா அச்சடிக்கணும்?" என்று முகத்தைச் சுளித்தாள். மறுவாரமே பதிவு அலுவலகத்துக்குப் போய், அம்மாவின் பெயரான மொந்தோரோவை முன்னால் போட்டுக்கொண்டான். பத்திரிகை பெண்வீட்டார் பக்கம் மட்டும் போனது. மகள் எஸ்த்ரேயா பிறந்தாள், மொந்தோரோவாக. அவளுடைய மதிப்பெண் அட்டை ஒன்றைக்கூட இருபத்துநாலு வருஷம் தாத்தா கண்ணில் காட்டவில்லை. வெட்கங்கெட்ட சாமர்த்தியம்!

இந்தக் குளிர்காலத்தில் சத்துர்னினோ படுத்துவிட்டார். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். இறந்தால் தேவாலயக் கதவில் ஒட்டுகிற அறிவிப்பில் மகன், பேத்தி பெயரெல்லாம் முழுசாக வரும். ஊரே படிக்கும், அவர் மட்டும் தெரியாமலே போய்விடுவார். அந்த நினைப்பு அன்செல்மோவின் நெஞ்சை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலருகே உட்கார்ந்து, திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"முடிச்சிட்டியா?" என்றார் அப்பா. "எனக்குத் தெரியும்டா. எஸ்த்ரேயா பொறந்த அன்னைக்கே தெரியும்."

"எப்படிப்பா? நீங்க ஆஸ்பத்திரிக்கே வரலியே! மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தீங்க. நான்கூட, பேத்தி பொறந்திருக்கா, எட்டிப் பார்க்கலையேன்னு கத்துனேனே!"

"வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையில சோம்பு ரொட்டிப் பொட்டலத்தோட. மேஜையில இருந்த பொண்ணுகிட்ட, எக்ஸ்போசிதோ குழந்தை எந்த அறைம்மான்னு கேட்டேன். பட்டியலை ரெண்டு தரம் பார்த்தா. அந்தப் பேர்ல இங்க குழந்தையே இல்ல தாத்தான்னா. ஆராசேலி பேரைச் சொன்னேன். ஓ, மொந்தோரோ குழந்தையான்னா. அப்படியே திரும்பிட்டேன்."

"ஏன்ப்பா அன்னைக்கே என்னைக் கேட்கல?"

"கோவந்தான். கோவமில்லாம இருக்குமா? அப்புறம் பஸ்ல யோசிச்சேன்." கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பேர்ல ஒரு குழந்தைகூட இல்லன்னா, அது நல்ல சேதிதானேடா?"

அன்செல்மோ அவர் கைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.