போயிட்டு வாங்க

நாலாம் வகுப்புப் படிக்கும்போதே என் குரல் வேலைக்குப் போய்விட்டது. நான் வாய்ப்பாடு தெரியாமல் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் அது பாட்டுக்குத் திரேஸ்புரத்து மீன்பிடி வள்ளக்காரர்களுக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்ற குழப்பம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு வானிலையைப் போனில் சொல்ல ஒரு தொண்டு நிறுவனத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அதுவே திருப்பிக் கூப்பிட்டு, காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை மீட்டர், போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும். நல்ல காரியம்தான். ஆனால் முதலில் அதில் பேசியது யாரோ ஒரு பட்டணத்துப் பெண். அந்தக் குரலைக் கேட்டதுமே ஏதோ விளம்பரம் என்று எல்லோரும் கட் பண்ணினார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த சித்தப்பா, "பாட்டு வைக்கணுமான்னு கேக்கா, வேண்டாம்னு வச்சிட்டேன்" என்றார்.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த குரலாக இருந்தால் காது கொடுப்பார்கள் என்று முடிவாகி, மாதா கோயிலில் வாசகம் வாசிக்கும் என்னைப் பிடித்தார்கள். கோயிலை ஒட்டிய அறையில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சென்னையிலிருந்து வந்த ஒரு அக்கா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று முதல் நூறு வரை சொல்லச் சொன்னாள். பிறகு திசைகள். வேர்வையில் கவுன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியாக இரண்டே வாக்கியங்கள். 'கடலுக்குப் போக வேண்டாம்' ஒரே தடவையில் வந்துவிட்டது. 'கடலுக்குப் போகலாம்' மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து வெறுமனே 'போ' என்று சொன்னதில்லை. புறப்படுகிறவரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார். துணைக்கு வந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

"அந்த வார்த்தைய மட்டும் எம்புள்ள வாயால சொல்ல வைக்காதீங்கம்மா. போயிட்டு வாங்கன்னு சொல்லட்டும்."

அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அப்படித்தான், 'கடலுக்குப் போயிட்டு வாங்க' என்று என் குரல் அந்த நம்பருக்குள் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம்தான் என் பாடு திண்டாட்டமானது. நான் இட்லி தின்றுகொண்டிருப்பேன், சித்தப்பாவின் போனில் நான் வடகிழக்குக் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். சளி பிடித்து எனக்குத் தொண்டை கட்டியிருந்த அன்றும் போனில் கணீரென்று பேசினேன். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் 'போயிட்டு வாங்க' என்றேன். பூசைக்கு வந்த கிழவர்கள் முறைத்தார்கள். அக்காவிடம் கேட்டால், வார்த்தைகளை வெட்டி ஒட்டுகிறோம் என்றாள். அதைக் கேட்டபின் இன்னும் குழம்பினேன்.

'வேண்டாம்' என்று வருகிற நாட்களில் தெருவில் தலைகாட்ட முடியாது. "ஏளா, இன்னைக்காவது எங்கள போகச் சொல்லேன், ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கேலி செய்வார்கள். "நான் சொல்லல அண்ணாச்சி" என்பேன். ஒருவரும் நம்பவில்லை. நாளடைவில் யார் என்ன கேட்டாலும் 'நான் சொல்லல' என்பது என் வாயில் தயாராக நின்றது.

ஒருநாள் காலை, கடல் அமைதி, போயிட்டு வாங்க என்றது போன். சித்தப்பா போனார். வழக்கமாக மதியச் சோற்றுக்கு வந்துவிடுகிறவர், சாயங்காலம் வரை வரவில்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கூடப் போன வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அப்பாவும் தெரு ஆண்களும் இரண்டு வள்ளங்களில் தேடப் போனார்கள்.

சித்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தாள். அழவில்லை. அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்து, போன் கூப்பிட்டதும் காதில் வைத்துக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி கொடுத்தாள். மறுபடியும். என்மேல் சாட்சி சேர்க்கிறாள் என்று நினைத்தேன். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் அங்கேயும் வந்து போனை என் காதில் வைத்தாள். உள்ளே நான், தெற்குக் காற்று, அலை அரை மீட்டர், கடலுக்குப் போயிட்டு வாங்க.

"நீதான சொன்ன? போயிட்டு வாங்கன்னு? சொல்லுளா. இப்பச் சொல்லு."

"நான் சொல்லல சித்தி."

"ஒரு தரம் சொல்லுளா."

"சத்தியமா நான் சொல்லல!"

சித்தி போனை என் காதிலிருந்து எடுத்தாள். பிறகு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு சித்தி கரைக்குப் போயிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நம்பர் சொல்வதைக் கடலில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிஸ்டு கால் கொடுத்தேன். அது கூப்பிட்டது. "சித்தப்பா, திரும்பி வாங்க! சித்தி தேடுதாங்க! வாங்க!" என்று கத்தினேன். போனுக்குள் இருந்த நானோ கொஞ்சமும் சட்டை செய்யாமல் மீட்டர் கணக்கை முடித்துவிட்டு வைத்துவிட்டேன். என் குரலே என்னை மதிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மதியம் சித்தப்பா வந்தார். வள்ளத்துக்கு அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றி மிஷின் நின்றுபோய், நீரோட்டம் வள்ளத்தை வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. போனும் நனைந்து செத்துவிட்டது. அங்கே தருவைக்குளத்து வள்ளக்காரர்கள் கண்டு கட்டி இழுத்து வந்து கரைசேர்த்திருக்கிறார்கள். நான் பயந்து பயந்து, போன்ல நான் சொன்னது பொய்யா என்று கேட்டேன். "கடல் குளம் மாரிதான கெடந்துச்சு. மிஷின் நின்னதுக்கு நீ என்னளா செய்வ?" என்று என் தலையில் உப்புக் கையை வைத்துச் சிரித்தார். சித்தி அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. என்னிடம் எப்போதும் போலப் பேசினாள். அவ்வளவு பெரிய குற்றத்தை எப்படி மறந்தாள் என்று ஆச்சரியப்பட்டேன்.

இப்போது அந்த நம்பர் இல்லை, எல்லோர் போனிலும் ஆப் வந்துவிட்டது. நானும் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். போன மாதம் ஊரிலிருந்து புறப்படும்போது சித்தி பஸ் வரைக்கும் வந்தாள். பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நாலு எட்டு வைத்து, "போயிட்டு வா, வா" என்று அந்த இரண்டாவது வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ் ஊர் எல்லை தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று அவள் என்மேல் பழிபோட வரவில்லை. சித்தப்பா போனது போயாகிவிட்டது. மிச்சமிருந்தது 'வாங்க' மட்டும்தான். அதைப் பக்கத்தில் நிற்கிற ஒரு பிள்ளை வாயால் ஒரு தரம் கேட்டால் போதும் என்றுதான் கெஞ்சியிருக்கிறாள். நான் சத்தியம் பண்ணி மறுத்தேன். அவள் போய் உட்கார்ந்து, மறுபடி மிஸ்டு கால் கொடுத்தாள். போன் உடனே கூப்பிட்டு, என் குரலில் அதைச் சொன்னது.