சதுப்பில் நின்றவனுக்கு உப்பில்லாப் பத்தியம்

கல்யாணமான முதல் வருஷம், திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் என் மனைவி ஐந்து மாதமாக ஒரு வீரனை வளர்த்துவந்தாள். வாள், குகை, பூதம் என்று போகும் விளையாட்டு. ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் முகம்கூடக் கழுவாமல் அதன் முன் உட்காருவாள். வீரனுக்கு என் பெயரை வைத்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் திருவெண்ணெய்நல்லூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், அவளிடம் சொல்லாமல் ஆடினேன். சதுப்பு நிலத்தில் சிலந்தி கடித்தது. விஷம் ஏறியவனுக்கு எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் ஓர் உயிர்ப்புள்ளி குறையும், நின்றால் குறையாது. பையிலிருந்த பச்சைப் புட்டியை மருந்தென்று குடிக்க வைத்தேன். அது அம்பு நுனியில் தடவுகிற விஷம். மிச்சம் ஒன்பது புள்ளி. வைத்தியர் இருக்கும் கோயிலுக்கோ முப்பது அடி. எல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடும், பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. அவள் வந்து பார்த்தால் இந்த வீட்டில் எனக்கு இனி என்ன மரியாதை என்று பயந்துபோனேன்.

"இன்னாடா, மூஞ்சி இப்படிக் கீது?" என்றாள் என் அம்மா. விஷம் என்றேன். எதிலெல்லாம் ஏறும் என்று விசாரித்தாள். சிலந்தி, தவளை, காளான், சதுப்புத் தண்ணீர், ஒருவகை மோதிரம்.

"மோதிரத்துலயுமா?"

"ஆமாம்மா."

"யாருக்கு ஏறிக்கீது?"

என் பெயரைச் சொன்னேன். அம்மா ஆடிப்போய்விட்டாள்.

விஷக்கடிக்கு மந்திரிக்கக் கடிபட்டவனே போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இல்லை. சேதி கொண்டுபோகிறவர் கடிபட்டவன் பெயரைச் சொன்னால் போதும். மறுநாள் காலை அம்மா கண்டாச்சிபுரத்துக்கு பஸ் ஏறி, மந்திரித்துக்கொண்டு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் விவகாரத்தைச் சொன்னால் மந்திரிக்கிற ஆள் குழம்புவார் என்று சிலந்தி வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொண்டாளாம். பத்தியம், மூன்று நாள் உப்பு கூடாது.

பெயர் என்னுடையது, அதனால் பத்தியமும் எனக்கே. உப்பில்லாத கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, அசையாமல் நிற்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது.

"பாத்தியா, கொறையல," என்றாள் அம்மா.

தினமும் மனைவி போன் செய்தாள். "கம்ப்யூட்டர் பக்கம் போனீங்களா?"

"தொடவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அம்மா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை நடத்தினாள். எட்டு, ஏழு, ஆறு. பாறை இடுக்கில் ஒரு பச்சிலை இருந்தது. பறித்துத் தின்னக் கொடுத்தாள். விஷம் இறங்கிவிட்டது.

அம்மா கண்டாச்சிபுரம் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "மந்திரிக்க அவ்ளோ தூரம் ஆள் அனுப்பத் தெரிஞ்சுது. தெனம் போன்ல பேசிக்கினுதானே இருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலியா உங்களுக்கு?"