காவல் ஊசி

உச்சி வெயிலிலும் என் அண்ணன் முழுக்கைச் சட்டைதான் போடுவார். மலாயாவில், லூனாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவருக்கு எதற்கு இந்தத் துரை வேஷம் என்று வாய் ஓயாமல் கேலி செய்வேன். "கொசு கடிக்குதுலா தங்கச்சி" என்பார். பாதிக் கண் மூடி, எங்கோ மிதப்பவர்போல் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசர காலம் அது. வீடுகளைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, மாலையானால் ஊரடங்கு. காட்டிலிருந்து யாரோ சுட்டதில் லாரிக் கண்ணாடி நொறுங்கி, அண்ணனின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்குப் போட்ட மார்ஃபின் என்ற போதை ஊசி, காயம் ஆறிய பிறகும் அவரை விடவில்லை. டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டார். இன்றைக்குப் போல ஆளுக்கொரு ஊசி என்பதெல்லாம் அங்கே கிடையாது, வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றேதான். அப்படிப் போட்டுவிட்டு வரும் நாட்களில் யான் என்ற ஊரின் கடற்கரையைப் பற்றியே பேசுவார். வயல் முடியும் இடத்தில் அலை வந்து காலைத் தொடுமாம், பின்னால் ஜெராய் மலை மேகத்துக்குள் படுத்திருக்குமாம். கேட்கக் கேட்க எனக்கும் கண் சொக்கும்.

மார்ஃபின் போட்ட கையோடு அங்கே துளி பென்சிலினும் ஏற்றுவார்களாம். அதற்குக் காவல் ஊசி என்று பெயர். அதைப் போட்டால் புண் வராது, எதுவும் அண்டாது என்று எல்லாரும் நம்பினார்கள். அண்ணனும் நம்பித் தொலைத்தார்.

ஒருநாள் குளிர்க்காய்ச்சல் அவரைத் தூக்கிப் போட்டது. சட்டையைக் கழற்றியபோதுதான் தழும்புகளையும், முழங்கையில் சீழ் கட்டியிருந்ததையும் பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்த டிரசர் ஐயா நாள் தவறாமல் பென்சிலின் போட்டார். டவுனிலிருந்து வந்த டாக்டர் அளவைக் கூட்டிப் பார்த்தார். காய்ச்சல் அசையவில்லை.

"கிருமி ரத்தத்துல ஏறிருச்சும்மா," என்றார் டிரசர் ஐயா. "துளித்துளியாப் போட்டு, அதுக்கு இந்த மருந்து பழகிப்போச்சு. நம்மகிட்ட வேற மருந்து இல்ல."

இருந்தும் மறுநாள் காலை ஊசியோடு வந்தார். ஊசியே கதி என்று கிடந்த மனுஷன் கையை இழுத்துக்கொண்டார். "போதும்லா ஐயா." பிறகு என் பக்கம் திரும்பி, "பயமா இருக்குலா தங்கச்சி. கையப் புடிச்சுக்க," என்றார்.

பிடித்துக்கொண்டேன். அடுப்புக்கல்லாகக் கொதித்தது. மதியத்தில் அந்தச் சூடு மெல்ல இறங்கியது. "அண்ணே, காச்சல் விட்டுருச்சுண்ணே!" என்று சந்தோஷத்தில் கத்தினேன். டிரசர் ஐயா வந்து, நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணன் கையிலிருந்து என் விரல்களைப் பிரித்தார்.